வசிப்போர் எத்தனை பேர்?

இந்த மாதம் நம் பிரிவில் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் முதல் நாளே என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, போன வருஷ ஃபைல் இருக்கா? அதைப் பார்த்து அப்படியே போட்டுடுறோம்."

இருக்கிறது. தரமாட்டேன்.

அக்காவுக்குத் திமிர் என்று சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டீர்களாம். திமிர் உண்டுதான். ஆனால் ஃபைலைத் தராததற்குக் காரணம் அதுவல்ல. மாதக் கடைசியில் நான் இந்த வேலையை விட்டுப் போகிறேன். போவதற்குள் காரணத்தை எழுதி வைத்துவிட நினைக்கிறேன். இப்படியெல்லாம் ஓய்வுபெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. இருந்தாலும் இந்த மேசையில் உட்கார்ந்து ஒரு மனிதரின் வேலைக்கு உலை வைக்கிற அளவுக்கு ஒரு தப்பைச் செய்திருக்கிறேன். எழுத அந்தத் தகுதி போதும்.

நம் வேலை என்னவென்று வெளியில் சொன்னால் யாருக்கும் விளங்குவதில்லை. இந்த வளைகுடா நாட்டுக்கு வந்தபின் அஜ்மானில் என் பக்கத்து ஃப்ளாட் அக்கா, "செக்யூரிட்டி கம்பெனின்னா நீயும் கேட்ல நிப்பியா?" என்று கேட்டார். உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். இப்படிச் சொல்லுங்கள்: எல்லையோரத்தில் இருக்கிற சின்னச் சின்னக் குடியிருப்புகளுக்கு விளக்கு, கேமரா, சைரன், காவலாள் என்று பாதுகாப்புச் செலவு அதிகம். ஊர்க்காரர்களால் தனியாகத் தாங்க முடியாது. அதற்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. ஊர்க் குழு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பது நாம். தொகை வந்தால் காவல் வேலையும் நம் கம்பெனிக்கே வரும். நம் மேலதிகாரிகளுக்கு இந்தத் தாள்கள்மேல் இருக்கிற பாசம் அதனால் வந்தது.

அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. 'வசிப்போர் எத்தனை பேர்?' உங்களுக்கு அது ஒரு நிமிட வேலையாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

என் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படிக்காத வீட்டிலிருந்து வருகிறவளுக்கு அச்சடித்த தாள்மேல் ஒரு மரியாதை இருக்கும். தாளில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ரேஷன் கார்டில் பெயர் இல்லாத பிள்ளைக்குச் சர்க்கரை கிடையாது என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தாளை வாசிக்கத் தெரிந்ததில் எனக்குப் பெருமை அதிகம். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

மலைக்கும் எல்லை வேலிக்கும் நடுவே ஒரு குடியிருப்பு. நாற்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், பேரீச்சந்தோப்புகள். எனக்குக் கிடைத்த முதல் விண்ணப்பம் அதுதான். வீட்டு வாடகைப் பதிவுகளை எடுத்தேன், ஆட்களைக் கூட்டினேன், கட்டத்தில் எண்ணைப் போட்டேன். செல்போன் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஊருக்கு வெளியே வேலிப் பக்கமாக நீளநீளமாகத் தகரக் கூரைகள் தெரிந்தன. பதிவில் அங்கே ஒருவரும் இல்லை.

அன்றைக்கு எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் பக்கத்து மேசையில் இருந்தார். பிறகு அவரே எனக்கு மேனேஜர் ஆனார். அவரிடம் கேட்டேன்.

"சார், இது கோழிப்பண்ணையா?"

சிரித்துவிட்டார். "கோழிப்பண்ணையா? கல்லு உடைக்கிற கிரஷர் இருக்குல்ல, அவங்க கேம்ப்பும்மா அது. விட்டுடு."

"ஆளுங்க இருப்பாங்களே சார்."

"இருப்பாங்க. எல்லாருக்கும் விசா அட்ரஸ் சிட்டில இருக்கிற கம்பெனி ஆபீஸ். பேப்பர்ல அங்க யாரும் கிடையாது. லேபர் கேம்ப்னு ஒரு வார்த்தை வந்தா ஃபைலையே தூக்கிப் போட்டுடுவாங்க. ஒத்துக்க மாட்டாங்க. எத்தனை வருஷமா பார்க்கிறேன்."

விட்டுவிட்டேன். யார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எப்போது மறுத்தார்கள், எந்தக் கடிதத்தில் என்று கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் சொல்வதும் அச்சடித்த தாள் மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

தொகை வந்தது. ஊரைச் சுற்றி உயரமான விளக்குகள் வந்தன. கேமராக்கள் வந்தன. ஊருக்குள் நுழையும் சாலையில் ஒரு கேட்டும் சைரனும் வந்தன. கேட்டில் நம் காவலாட்கள் நின்றார்கள். கேம்ப் கேட்டுக்கு வெளியே போனது. எல்லாம் என் தாளில் இருந்தபடியே நடந்தது. ஊர்க் குழு இனிப்புப் பெட்டி அனுப்பியது. நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

இனி நடந்ததைக் கவனமாக வாசியுங்கள். அந்தப் பக்கம் வேலி தாண்டி வருகிறவர்கள் சிலர் உண்டு. திருட்டுச் சாமான் கடத்துகிறவர்கள், கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். முன்பெல்லாம் தோப்பு வழியாக ஊருக்குள் வருவார்கள். இப்போது ஊர் முழுக்க வெளிச்சம். அவர்கள் என்ன வீட்டுக்கா திரும்பிப் போவார்கள்? இருட்டாக இருந்த இடத்துக்குப் போனார்கள். கேம்ப்பில் செல்போன்கள் காணாமல் போயின. காஸ் சிலிண்டர்கள் போயின. இருட்டிய பிறகு கழிப்பறைக்குத் தனியாகப் போகப் பயந்து இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். நான் போட்ட எண்தான் அந்த ஆட்களை அங்கே திருப்பி விட்டது. எட்டு மாதம் எனக்கு இது தெரியாது. ஏன் தெரியவில்லை என்றால், நான் கேம்ப்புக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், கேம்ப் ஆட்கள் எல்லாரும் டூட்டிக்குப் போயிருந்த நேரம். மெஸ் சமையல்காரர் கணேசன் மட்டும் இருந்திருக்கிறார். தென்காசிப் பக்கத்துக்காரர். சிலிண்டரைத் தூக்க வந்த இரண்டு பேரை மறித்திருக்கிறார். இரும்புக் கம்பியால் அடித்து அவர் வலது கையை ஒடித்துவிட்டார்கள். கேட்டில் டூட்டியில் இருந்த செல்வராசு அண்ணன் ஓடிப்போய்த்தான் அவரைக் காப்பாற்றினார். பெரம்பலூர்க்காரர், நம் கம்பெனி ஆள்.

அதற்காக அவரை வேலையை விட்டு அனுப்புவதாக முடிவானது.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு ஊர்க் குழுக் கூட்டம். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வேண்டிய கூட்டமும் அதுதான். காலையில் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். "இதை டைப் பண்ணிடு." அதில் இருந்தது இவ்வளவே: காவலாளி அனுமதியின்றி முப்பத்தைந்து நிமிடம் பணியிடத்தை விட்டு நீங்கினார், குடியிருப்பின் பாதுகாப்புக்கு ஊறு விளைவித்தார், நிறுவனம் அவரைப் பணிநீக்கம் செய்கிறது.

கணேசன் என்ற பெயரே அதில் இல்லை.

செல்வராசு அண்ணனுக்கு போன் போட்டேன். அதுவரை அவர் எனக்கு ஒரு பணியாளர் எண் மட்டுமே.

"அண்ணே, நான் ஆபீஸ்லேர்ந்து பேசுறேன். எங்க இருக்கீங்க?"

"கேட்லதான் மேடம் நிக்கிறேன். இன்னையோட கலாஸ்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. மாத்து ஆள் வர்ற வரைக்கும் நிக்கணும்ல."

"நேத்து நீங்க போஸ்ட்டை விட்டுப் போனது நிஜமா?"

"போனேன். போகலன்னு எழுதிடாதீங்க. பொய் சொல்லித் தப்பிச்சான்னு வேற பேரு வரும்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சத்தம் கேட்டுச்சு. கணேசன் அண்ணன் சோறு வடிக்கிற அண்டாவக் கரண்டியால போட்டு அடிக்கிறாரு. சைரன் இருக்குற எடத்துல சைரன் அடிக்கும். இல்லாத எடத்துல அண்டாதான மேடம்?"

"கேட்டை அப்படியே போட்டுட்டா போனீங்க?"

"நல்லாக் கேட்டீங்க. பூட்டி, சாவிய இடுப்புல சொருகிட்டுத்தான் ஓடுனேன். ஒரு ஈ உள்ள போயிருக்காது. கேமராவப் போட்டுப் பாருங்க."

கேமராவைப் போட்டுப் பார்த்தேன். அவர் பூட்டியது தெரிந்தது. இழுத்துச் சரிபார்த்தது தெரிந்தது. ஓடியதும் தெரிந்தது. கேட்டைத் தாண்டி நான்கு எட்டு, அதற்குமேல் படத்தில் ஆள் இல்லை. கேமரா ஊர்ப்பக்கம் பார்த்தபடி இருக்கிறது. அதையும் என் தாளைப் பார்த்துத்தான் அப்படிப் பொருத்தியிருந்தார்கள்.

போனை வைக்கும்முன் அவர் சொன்னார், "போன மாசந்தான் ஊர்ல வீட்டுக்குக் கடக்கால் தோண்டுனோம் மேடம். ஒங்களால ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும். சும்மா சொன்னேன்."

மேனேஜர் கொடுத்த தாளை நான் டைப் செய்யவில்லை. நடந்ததை வேறொரு தாளில் எழுதினேன்: கேட் பூட்டப்பட்டிருந்தது, கேம்ப் கேட்டிலிருந்து நானூறு மீட்டர், ஒருவர் கை உடைந்தது, கேம்ப்பில் விளக்கும் சைரனும் இல்லை, இல்லாததற்குக் காரணம் விண்ணப்பத்தில் அங்கே வசிப்பவர்களை நான் சேர்க்காதது. 'நான்' என்றுதான் எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டேன். பிறகு உதவித்தொகை விதிகளை முதல் தடவையாக முழுவதும் வாசித்தேன். சிரிக்காதீர்கள். அதுவரை போன வருஷ ஃபைலைத்தான் வாசித்திருந்தேன். 'எல்லைப் பகுதியில் வசிப்போர்' என்று விதியில் இருக்கிறது. வீட்டுக்காரர், வாடகைக்காரர், குடும்பம் என்ற வார்த்தைகளே இல்லை. கேம்ப் கூடாது என்று எங்கும் இல்லை.

காரில் ஏறியதும் மேனேஜர் என் தாளை வாசித்தார். ஃபைலை மடியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு என்ன பைத்தியமா? போன வருஷம் தப்பா எழுதினோம்னு நீயே கொண்டுபோய்க் குடுக்கிறியா?"

"தப்பாத்தானே சார் எழுதினோம்."

"அவங்க லோக்கல் ஆளுங்க. லேபருக்கு லைட் போடச் சொல்லிக் கேட்டா மூஞ்சியைச் சுளிப்பாங்க. கான்ட்ராக்ட் போச்சுன்னா உன் வேலையும்தான் போகும்."

"கேட்டுப் பார்த்திருக்கீங்களா சார்? ஒரு தடவையாவது?"

"சில விஷயம் கேட்காமலே தெரியணும்மா. அதுதான் அனுபவம்."

அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. கேட்காமலே தெரியுமாம். தென்காசியிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வந்த மனிதர்களைத் தாளிலிருந்து வெட்டியது எந்த அராபியும் இல்லை, எந்த அதிகாரியும் இல்லை. கோயம்புத்தூரில் பொறியியல் படித்த அவரும், பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்று பெருமையடித்துக்கொள்கிற நானும்தான். யாரும் கேட்காமலே வெட்டினோம். மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காது என்று நாமே நினைத்துக்கொண்டு, அவர்கள் சொல்லாத 'இல்லை'யை முன்கூட்டியே நாம் சொல்லிவிடுவது நம் தொழிலில் ஒரு பழக்கம். நம்மவர்களுக்கு எதிராக அதைச் செய்யும்போது நமக்குக் கை நடுங்குவதே இல்லை.

குழுத் தலைவர் வயதானவர். என்னிடம் இந்தியில்தான் பேசுவார். மேனேஜர் தான் எழுதிய பணிநீக்கத் தாளைப் பையிலிருந்து எடுப்பதற்குள் தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பொண்ணே, நம்ம காவலாளி ஏன் ஓடினான்? அவன் சோம்பேறி இல்லை. எனக்குத் தெரியும். தினமும் சலாம் சொல்கிறவன்."

சொன்னேன். அண்டாச் சத்தம் முதல் கை முறிந்ததுவரை. பிறகு என் தாளை அவர் முன்னால் வைத்து, போன வருடம் கேம்ப்பை நான் சேர்க்கவில்லை என்றும் சொன்னேன். இந்தியில் எனக்குத் தெரிந்த வார்த்தைகள்கூட மறந்துபோயின. கையால் காட்டிக்காட்டிச் சொன்னேன்.

"கேம்ப்பில் விளக்கு இல்லையா?" மேனேஜரைப் பார்த்தார். "ஏன் இல்லை?"

"விதி அனுமதிக்காது" என்றார் மேனேஜர்.

"எந்த விதி? காட்டு."

மேனேஜர் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். திருப்பிக்கொண்டே இருந்தார். இல்லாததை எவ்வளவு நேரம் தேட முடியும்?

குழுவில் இன்னொருவர், கேம்ப்பைச் சேர்த்தால் பள்ளிக்கூடத்துக் கேமராக்கள் குறையுமே என்று முணுமுணுத்தார். தலைவர் அவரிடம் அரபியில் ஏதோ கடுமையாகச் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நானும் வாசிக்காமல்தான் கையெழுத்துப் போட்டேன். தினமும் அந்த வழியாகத்தான் காரில் போகிறேன். இருட்டாக இருப்பதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை." பிறகு மேனேஜரிடம், "அந்த ஆள் இங்கேயே இருக்கட்டும். விண்ணப்பத்தைத் திருத்திக்கொண்டு நாளை வாருங்கள்" என்றார்.

"யெஸ், யெஸ். நானும் அதைத்தான் நினைத்தேன்" என்றார் மேனேஜர். அந்த இடத்திலேயே சூப்பர்வைசருக்கு போன் போட்டு, பணிநீக்கம் ரத்து என்று சொன்னார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது என்னிடம், "பார்த்தியா, ஆளைப் பார்த்து நேரம் பார்த்துப் பேசணும். நான் எப்பவும் சொல்றதுதான்" என்றார். பதில் சொன்னால் வாயில் நல்ல வார்த்தை வராது. காரை நோக்கி நடந்தேன்.

அந்த ஆண்டு விண்ணப்பம் கேம்ப்போடு போனது. மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வரவில்லை. ஒரு விளக்கம் கேட்கவில்லை. ஒப்புதல் வந்தது. ஏதாவது சண்டை நடந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றுமே இல்லை. அவ்வளவு சுலபமான ஒன்றைச் செய்யாமல் எட்டு மாதம் மனிதர்களை இருட்டில் விட்டிருந்தோம்.

கூட்டம் முடிந்த அதே சாயங்காலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல செய்தியை நேரில் சொல்லலாம் என்று கேட்டில் இறங்கிக்கொண்டேன். மேனேஜர் காரில் ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டார். செல்வராசு அண்ணனுக்கு அதற்குள் சூப்பர்வைசர் சொல்லிவிட்டிருந்தார். ஒல்லியான ஆள், தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வேலை இருக்குண்ணே" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும்.

"சொன்னாங்க. ரொம்ப நன்றி மேடம்." தொப்பியைக் கையில் எடுத்தார். "ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? அந்த விண்ணப்பம் நீங்க எழுதுனதாமே?"

"ஆமா."

"அப்ப நீங்க ஒழுங்கா எழுதியிருந்தா கணேசன் அண்ணன் கை ஒடஞ்சிருக்காது. நான் ஓடவேண்டியும் வந்திருக்காது. என் வேலை போயித் திரும்பி வந்ததுக்கு நான் ஒங்களுக்கு நன்றி சொல்லிட்டு நிக்கிறேன். நல்லா இருக்குல்ல?"

அவர் சாலையைப் பார்த்தார்.

"சரி, வந்தது வந்துட்டீங்க. பஸ் வர்ற நேரம். எண்ணிட்டுப் போங்க. நாளைக்கும் பேப்பரப் பாத்து எழுதிடாதீங்க."

கேம்ப்புக்கு நடந்தேன், மேனேஜரின் காரும் பின்னால் வந்தது. கேம்ப் வாசலில் கிரஷர் பஸ்கள் வந்து நின்றன. தலைமுதல் கால்வரை கல்தூசி அப்பி, எல்லாரும் ஒரே நிறத்தில் இறங்கினார்கள். நோட்டோடு ஒரு பெண் நிற்பதைப் பார்த்ததும் பாதிப்பேர் பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். லிஸ்ட் எடுக்கிறார்கள் என்றால் ஆட்களை ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்றுதான் அங்கே அர்த்தம்.

"எத்தன பேர அனுப்புறாங்களாம்?" என்று ஒருவர் கேட்டார்.

கையில் கட்டோடு கணேசன் மெஸ் வாசலில் வந்து நின்று கத்தினார். "யாரையும் அனுப்பலய்யா! லைட்டுப் போடறதுக்கு எண்ணுதாங்க! வந்து வரிசையா நில்லுங்க. பாய், லைட் கே லியே! ஆவோ, ஆவோ! பேரு குடுக்காதவனுக்கு இன்னைக்கு மீன் குழம்பு மாஃபி, கெடையாது!"

அதற்குப் பிறகு வரிசை வந்தது. நம்மாட்கள், வங்காளிகள், நேபாளிகள், பெஷாவர்க்காரர்கள். பெயரையும் அறை எண்ணையும் எழுதினேன். கழிப்பறை பக்கம் ஒரு விளக்கு கூடுதலாக வேண்டும் என்று எல்லா மொழியிலும் சொன்னார்கள். அறை அறையாகப் போய், படுத்திருந்தவர்களையும் எண்ணினேன். நூற்று எண்பத்தாறு. இருமுறை கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. காரில் மேனேஜர் ஹாரன் அடித்தார். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

டூட்டி மாறிய செல்வராசு அண்ணன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கெட்டோடு கடைசி அறையிலிருந்து வெளியே வந்தார். அந்த அறையில் ஆள் இல்லை என்று தாண்டி வந்திருந்தேன்.

"இங்க என்னண்ணே பண்றீங்க?"

"குளிக்கப் போறேன்."

"இங்கயா?"

"பின்ன எங்க? ஒங்க கம்பெனி எங்க நாலு பேருக்கும் இங்கதான கட்டில் புடிச்சுக் குடுத்துருக்கு." என் பையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "எங்கள எழுதலையா மேடம்?"

ஹாரன் மறுபடி அடித்தது. நான் நோட்டை வெளியே எடுத்தேன். நான்கு பேரையும் எழுதி முடிக்கும்வரை அது அடித்துக்கொண்டே இருந்தது.